மாத்திரை தந்த பசி: வீட்டுப் பூனைக்கு ஒரு பத்தியப் பாடம்

சங்கத்தின் மாதக் கூட்டம் முடிந்து காபித் தம்ளரோடு நின்றுகொண்டிருந்தபோது, மயூர் விஹாரிலிருந்து வரும் அன்பர் ஒருவர் என்னிடம் வந்தார். "டீச்சர், எங்க பூனைக்கு டாக்டர் ஸ்டீராய்டு மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கார். ஒரு வாரமா தின்னுக்கிட்டே இருக்கு. ராத்திரி ரெண்டு மணிக்கு எழுப்பிக் கேட்குது. கொடுக்கறதா, வேண்டாமா?" என்றார். அருகில் நின்ற இன்னொரு அம்மையார், "எங்க வீட்டிலும் இதே கதைதான். பொறுக்க முடியாம மாத்திரையை நிறுத்திட்டோம்" என்றார். அதைக் கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதே தவறைச் செய்து, எங்கள் வீட்டுப் பூனையை மரண வாயில் வரை கொண்டுபோய்விட்டவள் நான்.

முப்பது ஆண்டுகள் பள்ளியில் உயிரியல் நடத்தியவள் என்ற பெருமை எனக்கு உண்டு. அந்தப் பெருமை அன்று உதவவில்லை. பிறகு கற்றுக்கொண்டதை முறையாக எழுதினால் நம் குடும்பங்களில் சிலருக்காவது பயன்படுமே என்றுதான் இந்தக் கட்டுரை.

துரைக்கு வந்த நோய்

எங்கள் பூனையின் பெயர் துரை. மழைக்கால நாளொன்றில் மாடிப்படியின் கீழ் கிடந்த குட்டி. நடையில் அப்படி ஒரு மிடுக்கு. அதனால் அந்தப் பெயர். வீட்டில் எல்லோரும் 'அவன்' என்றே சொல்வோம். கட்டுரைக்காக அவனை 'அது' ஆக்க எனக்கு மனம் வரவில்லை; வாசகர்கள் பொறுத்தருள வேண்டும்.

2023-ஆம் ஆண்டு தீபாவளி நவம்பர் 12-ல் வந்தது. தில்லியின் அந்த மாதத்துக் காற்றைப் பற்றி நமக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. தீபாவளி முடிந்த வாரத்தில் துரை அடிக்கடி குனிந்து, கழுத்தை முன்னால் நீட்டி, வயிறு எக்கி எக்கி இருமத் தொடங்கினான். நக்கி விழுங்கிய முடி தொண்டையில் சிக்கியிருக்கிறது என்று நினைத்தோம். ஆனால் முடி எதுவும் வெளியே வரவில்லை. ஒரு நாள் உறங்கும்போது அவன் விலா ஏறி இறங்குவதை எண்ணினேன், நிமிடத்திற்கு 44. உறங்கும் பூனைக்கு அது 30-க்குள் இருக்க வேண்டும். அன்றே கால்நடை மருத்துவரிடம் கொண்டு சென்றோம். எக்ஸ்-ரே எடுத்து, மற்றக் காரணங்களை விலக்கிய பின், "ஆஸ்துமா" என்றார் டாக்டரம்மா. மனிதருக்கு வருவது போலவே பூனைக்கும் மூச்சுக் குழாய்கள் வீங்கிச் சுருங்கும். பிரெட்னிசலோன் 5 மில்லிகிராம், நாளுக்கு ஒன்று. இரண்டு வாரம் கழித்து வந்து காட்டினால் குறைப்பது பற்றிச் சொல்வதாகக் கூறினார்.

நான்கே நாளில் இருமல் அடங்கியது. ஐந்தாம் நாள் பசி தொடங்கியது.

எப்படிப்பட்ட பசி என்று சொன்னால் சிரிப்பீர்கள். தோசை மாவுப் பாத்திரத்தின் மூடியைத் தள்ளி மாவை நக்கினான். ரொட்டிப் பொட்டலத்தைப் பல்லால் கிழித்தான். குப்பைக் கூடையைக் கவிழ்த்து முருங்கைக்காய்ச் சக்கையைத் தின்றான். விடியற்காலை நான்கு மணிக்கு என் மார்பின் மேல் ஏறி நின்று, முகத்தருகே வாயை வைத்து அலறுவான். தின்ன தட்டை வைத்தால் மூச்சு விடாமல் விழுங்கி, அடுத்த நிமிடம் பாதியை வாந்தி எடுத்துவிட்டு, மறுபடியும் தட்டருகே வந்து உட்காருவான்.

ஏன் இந்தப் பசி?

சிறுநீரகத்தின் மேல் தொப்பி போல் அமர்ந்திருப்பது அட்ரினல் சுரப்பி. அது இயற்கையாகச் சுரக்கும் ஹார்மோன்களில் ஒன்று கார்ட்டிசால். இந்த வகை ஹார்மோன்களைப் பற்றிய ஆய்வுக்காக எட்வர்ட் கெண்டால், ததேயுஸ் ரைக்ஸ்டைன், பிலிப் ஹென்ச் ஆகிய மூவருக்கும் 1950-ல் நோபல் பரிசு கிடைத்தது. பிரெட்னிசலோன் என்பது கார்ட்டிசாலின் செயற்கை உறவினன். வீக்கத்தை அடக்குவதில் அதைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு வலிமை உடையது.

இந்த மருந்து மூச்சுக் குழாய்க்கு மட்டும் போவதில்லை. இரத்தத்தில் கலந்து உடல் முழுதும் போகிறது. மூன்று வேலைகள் நமக்கு முக்கியம்.

ஒன்று, மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைப்போதலாமஸ் என்ற இடத்தில் பசியைத் தூண்டும் செய்திகளை அதிகமாக்குகிறது. வயிறு நிறைந்திருந்தாலும் மூளைக்கு 'இன்னும் வேண்டும்' என்றே கேட்கிறது.

இரண்டு, கல்லீரலைப் புதிதாகச் சர்க்கரை தயாரிக்கச் சொல்கிறது. தசையிலுள்ள புரதத்தையும் கரைத்து அதற்குப் பயன்படுத்துகிறது.

மூன்று, இன்சுலினின் கட்டளையைத் திசுக்கள் மதிக்காமல் போகும்படி செய்கிறது.

இரண்டாவதும் மூன்றாவதும் சேர்ந்தால் இரத்தத்தில் சர்க்கரை ஏறும். அதோடு முதலாவதால் உடலும் பருத்தால், பூனைக்குச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு கூடுகிறது. நடுவயதைத் தாண்டிய, கருத்தடை செய்த, வீட்டுக்குள்ளேயே இருக்கும், பருத்த ஆண் பூனைகளுக்கு இயல்பாகவே அந்த வாய்ப்பு அதிகம். எங்கள் துரைக்கு இதில் எல்லாப் பொருத்தமும் இருந்தது.

ஆக, அந்தப் பசி நடிப்பல்ல, கெட்ட பழக்கமும் அல்ல. மருந்து உண்டாக்கும் உண்மையான பசி. ஆனால் உடலின் தேவையைச் சொல்லும் பசி அல்ல.

நான் செய்த தவறு

டிசம்பர் மூன்றாம் வாரம் துரையை நிறுத்துப் பார்த்தேன். 4.5 கிலோ இருந்தவன் 5.1 கிலோ. இருமல் சுத்தமாக இல்லை. இரண்டு வாரத்தில் வரச் சொன்ன டாக்டரம்மாவிடம், குளிர், திருமணம், விருந்தாளி என்று ஏதோ காரணம் சொல்லிப் போகவும் இல்லை. 'நோய்தான் போய்விட்டதே, இந்த மாத்திரைதானே பசிக்குக் காரணம்' என்று எண்ணி, டிசம்பர் 20 அன்று மாத்திரையை நானாகவே நிறுத்தினேன்.

25-ஆம் தேதி விடியற்காலை. ஜன்னலுக்கு வெளியே மூடுபனி, எதிர் வீடு தெரியவில்லை. வழக்கமாக நான்கு மணிக்கு என்னை எழுப்புகிறவன் எழுப்பவில்லை. தேடிப் பார்த்தால் பூஜை அலமாரியின் கீழே, முழங்கைகளை விரித்து, வாயைத் திறந்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தான். நாய் வாயைத் திறந்து மூச்சு விடலாம். பூனை அப்படிச் செய்தால் அது ஆபத்து. ஈறு வெளுத்து நீலம் பாரித்திருந்தது. போர்வையில் சுற்றிக்கொண்டு டாக்ஸியில் ஓடினோம். என் மகன் வழி முழுதும் அவன் முதுகில் கை வைத்து மூச்சை எண்ணிக்கொண்டே வந்தான். இரவு நேர மருத்துவமனையில் பிராணவாயு கொடுத்து, ஊசி போட்டு, மறுநாள் மாலைதான் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

டாக்டரம்மா என்னைத் திட்டவில்லை. ஒரு காகிதத்தில் சுரப்பியின் படம் வரைந்தார். "வெளியிலிருந்து மாத்திரை தினமும் வந்தால், அட்ரினல் சுரப்பி 'நமக்கு வேலையில்லை' என்று உறங்கிவிடும். திடீரென மாத்திரையை நிறுத்தினால் சுரப்பி உடனே விழிக்காது. உடலில் மருந்தும் இல்லை, ஹார்மோனும் இல்லை. சில பூனைகள் சோர்ந்து, வாந்தி எடுத்து, படுத்துவிடும். சுரப்பி தப்பித்தாலும், அடங்கியிருந்த நோய் திரும்பி எழும். உங்கள் பூனைக்கு அதுதான் நடந்தது. அதனால்தான் படிப்படியாகக் குறைக்கிறோம்" என்றார்.

நான் வகுப்பில் பிள்ளைகளுக்கு நடத்திய பாடம்தான் அது.

வீட்டுக் கணக்கு

"மருந்தைத் தொடாதீர்கள், தட்டைத் தொடுங்கள்" என்பது டாக்டரம்மா சொன்ன முதல் விதி. தட்டைத் தொடுமுன் யார் யார் என்ன கொடுக்கிறோம் என்று ஒரு நாள் எழுதிப் பார்த்தோம்.

காலையில் நான் 30 கிராம் உலர் தீவனம் வைத்தேன். மாலை அலுவலகத்திலிருந்து வந்த என் கணவர், நான் வைத்தது தெரியாமல், 25 கிராம் வைத்தார். மகன் இரவில் ஒரு பொட்டலம் ஈரத் தீவனம் கொடுத்தான். என் மாமியார், அவரை நான் அத்தை என்றே அழைப்பேன், மத்தியானம் ஒரு கிண்ணம் பால். உலர் தீவனம் 100 கிராமுக்கு ஏறக்குறைய 380 கலோரி. 85 கிராம் ஈரப் பொட்டலம் 70. அந்தக் கிண்ணம் பால் 60. கூட்டினால் 339 கலோரி.

அவனுக்குத் தேவை எவ்வளவு? அதற்கு ஒரு சூத்திரம் உண்டு. கையில் சாதாரணக் கால்குலேட்டர் இருந்தால் போதும். பூனைக்கு இருக்க வேண்டிய எடையைக் கிலோவில் எடுத்து, அதை அதனாலேயே இரு முறை பெருக்குங்கள். வரும் விடைக்கு வர்க்கமூலப் பொத்தானை இரு முறை அழுத்துங்கள். பிறகு 70-ஆல் பெருக்குங்கள். துரைக்கு 4.5 கிலோ: 4.5 × 4.5 × 4.5 = 91.1, வர்க்கமூலம் 9.55, மறுபடி வர்க்கமூலம் 3.09, 70-ஆல் பெருக்கினால் 216. ஓய்வாக இருக்கும் உடலுக்கு ஒரு நாளைக்கு வேண்டிய கலோரி இது. கருத்தடை செய்து வீட்டுக்குள் இருக்கும் ஆரோக்கியமான பூனைக்கு இதைவிடச் சற்றுக் கூடுதலாக, ஐந்தில் ஒரு பங்கு வரை சேர்க்கலாம். ஏற்கெனவே பருத்துவிட்ட துரைக்கு 216-லேயே நிற்கச் சொன்னார் டாக்டரம்மா.

தேவை 216, தின்றது 339. ஒன்றரைப் பங்குக்கும் மேல். நாலு பேரின் அன்பும் தனித்தனியே சிறியதுதான். சேர்ந்தபோது நோயாகிவிட்டது.

எடையை எப்படிப் பார்ப்பது என்றும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எடைக் கருவியில் தனியாக ஏறி ஒரு முறை, பூனையைத் தூக்கிக்கொண்டு ஒரு முறை. வித்தியாசம்தான் பூனையின் எடை. வாரம் ஒரே நாள், ஒரே நேரம். 200 கிராம் கூடினால் 'இது என்ன பெரிது' என்று விடாதீர்கள். 4.5 கிலோ பூனைக்கு 200 கிராம் என்பது 60 கிலோ மனிதருக்கு ஏறக்குறைய இரண்டே முக்கால் கிலோ.

பசியைச் சமாளிக்கும் வழிகள்

எங்கள் வீட்டில் செய்து பலன் கண்டவற்றை வரிசையாகத் தருகிறேன்.

1. ஒரு நாள் உணவை ஒரே முறை அளந்து வையுங்கள். காலையில் சமையல் தராசில் நிறுத்து ஒரு டப்பாவில் போட்டுவிடுவோம். யார் கொடுத்தாலும் அந்த டப்பாவிலிருந்துதான். டப்பா காலியானால் அன்றைய கணக்கு முடிந்தது. கரண்டி அளவு, கை அளவு இரண்டும் ஏமாற்றும்.

2. அளவைக் கூட்டாமல் தடவையைக் கூட்டுங்கள். இரண்டு வேளையை ஐந்து வேளையாக்கினோம். காலை 6, 11, மாலை 4, இரவு 8, படுக்குமுன் 11. ஒவ்வொரு வேளையும் கொஞ்சம்தான். விழுங்கி வாந்தி எடுப்பது அந்த வாரமே நின்றது.

3. ஈர உணவின் பங்கை அதிகமாக்குங்கள். ஈரத் தீவனத்தில் முக்கால் பங்கு நீர். உலர் தீவனத்தில் பத்தில் ஒரு பங்குதான். அதே கலோரிக்கு ஈர உணவு வயிற்றை நிறைக்கும். மாவுச்சத்தும் பொதுவாகக் குறைவு. வெதுவெதுப்பான நீர் இரண்டு கரண்டி சேர்த்தால் இன்னும் நல்லது. துரையின் நாள் கணக்கு இப்படி: உலர் தீவனம் 30 கிராம் (114), ஈரப் பொட்டலம் ஒன்று (70), உப்பின்றி வேகவைத்த கோழி நெஞ்சுக் கறி 20 கிராம் (32). மொத்தம் 216.

4. உணவைச் சம்பாதிக்க விடுங்கள். உலர் தீவனத்தைத் தட்டில் வைப்பதை நிறுத்தினோம். பழைய அட்டைப் பெட்டியில் ஓட்டை போட்டு உள்ளே போட்டோம். முட்டை அட்டையின் குழிகளில் இரண்டிரண்டாக வைத்தோம். அரை நிமிடத்தில் முடிந்த உணவு பதினைந்து நிமிடம் ஆயிற்று. பசி பாதி, பொழுது போகாமை பாதி என்று அப்போதுதான் தெரிந்தது.

5. அலறும்போது கொடுக்காதீர்கள். அலறினால் கிடைக்கும் என்று ஒரு நாள் கற்றுக்கொண்டால், மருந்து நின்ற பிறகும் அந்தப் பாடம் மறக்காது. அலறல் ஓய்ந்து இரண்டு நிமிடம் கழித்துக் கொடுங்கள். நான்கு மணி அலறலுக்கு நான் எழுந்திருக்கவே இல்லை. ஒன்பது நாள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். பத்தாம் நாள் ஆறு மணி வரை உறங்கினான்.

6. தின்பண்டம் வேண்டுமானால் மொத்தக் கலோரியில் பத்தில் ஒரு பங்குக்குள், அதுவும் அதே டப்பாவின் கணக்கில்.

7. சமையலறையைப் பூட்டுங்கள். மாவு ஃபிரிஜ்ஜில், குப்பைக் கூடைக்கு மூடி. பசித்த பூனை கண்டதையும் தின்னும். வெங்காயமும் பூண்டும் பூனையின் இரத்தச் சிவப்பணுக்களை அழிக்கும். நம் சாம்பார், கூட்டு, குழம்பு எதையும் நக்க விடக்கூடாது.

8. பட்டினி போடாதீர்கள். 'ரெண்டு நாள் வயிற்றைக் காயப்போட்டால் சரியாகும்' என்பது பூனைக்குப் பொருந்தாது. பருத்த பூனை இரண்டு மூன்று நாள் உண்ணாவிட்டால் உடற்கொழுப்பு கல்லீரலில் சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகும். எடையைக் குறைப்பதும் மெதுவாக, வாரத்திற்கு நூற்றுக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு பங்குதான்.

9. தண்ணீர் எப்போதும் இருக்க வேண்டும். இந்த மருந்து தாகத்தையும் கூட்டும். உணவைத்தான் அளக்க வேண்டும். தண்ணீரை ஒருபோதும் அளக்கக்கூடாது.

சைவ வீட்டுக்காரர்கள் மனம் வருந்தாமல் ஒன்று கேட்க வேண்டும். தயிர்ச் சாதத்தால் பூனை வயிறு நிறையும், உடல் நிறையாது. பூனைக்கு டாரின் என்ற சத்து உணவிலிருந்துதான் போதுமான அளவு கிடைக்க வேண்டும். அது இறைச்சியிலும் மீனிலும் உள்ளது. அது குறைந்தால் கண்பார்வை போகும். இதயத் தசை தளரும் என்று 1987-ல் கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். வீட்டில் அசைவம் சமைக்க முடியாதவர்கள், பூனைக்கென்றே முழுச் சத்தாகத் தயாரித்த தீவனத்தை மட்டும் கொடுத்தால் போதும். பாலும் வேண்டாம்; வளர்ந்த பூனைகள் பலவற்றுக்கு அது செரிக்காது.

அத்தையும் துரையும்

வழிகள் எழுதுவது எளிது. வீட்டில் நடத்துவதுதான் பாடு.

ஜனவரியில், டப்பா முறை தொடங்கி இரண்டு வாரமாகியும் எடை குறையவில்லை. எனக்குப் புரியவில்லை. ஒரு மத்தியானம் சீக்கிரம் வீட்டுக்கு வந்தபோது, அத்தை தம் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, தம் தட்டிலிருந்த பருப்புச் சாதத்தில் நெய் விட்டுப் பிசைந்து துரைக்கு ஊட்டிக்கொண்டிருந்தார். எனக்குக் கோபம் பொங்கியது. வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டேன்.

அத்தை பதில் பேசவில்லை. மாலையில் பால்கனியில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "உனக்குத் தெரியாது. நீ இந்த வீட்டுக்கு வர்றதுக்கு முன்னாடி, மூட்டு வீங்கினப்போ எனக்கும் இதே மாத்திரைதான் கொடுத்தாங்க. ஆறு மாசம். அந்தப் பசி இருக்கே, அது வயித்துப் பசி இல்லம்மா. சாப்பிட்டு எழுந்து கை கழுவும்போதே பசிக்கும். கூட்டுக் குடும்பம். மருமக எடுத்துத் திங்கறான்னு பேரு வந்துடுமேன்னு, ராத்திரி எல்லாரும் தூங்கினப்புறம் பழைய சாதப் பானையில கை விட்டுத் தின்னிருக்கேன். ஒருத்தரும் 'உனக்குப் பசிக்குதா'ன்னு கேட்கல. இவன் என் முகத்தைப் பார்த்துக் கத்தும்போது எனக்கு அந்த ஞாபகம்தான் வருது" என்றார்.

சிறிது நேரம் கழித்து, "நான் ஊட்டினதாலதானே அவன் குண்டானான்? அதைப் பார்த்துத்தானே நீ மாத்திரையை நிறுத்தின? அன்னிக்கு அவன் போயிருந்தா பாவம் என்னைத்தானே சேரும்?" என்றார்.

அவர் கண்ணைத் துடைத்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. மாத்திரையை நிறுத்தியவள் நான். "இல்லை அத்தை, தப்பு என்னுது" என்றேன். அத்தைக்குச் சர்க்கரை நோய் வந்து இருபது வருடம் ஆகிறது. காலையில் விரலைக் குத்தி, சர்க்கரை அளவை நோட்டில் எழுதுகிறவர். இட்லி மூன்று என்றால் மூன்றுதான். இந்த வீட்டில் கணக்கை மதிக்கத் தெரிந்த ஒரே ஆள் அவர்தான் என்று எனக்கு ஏன் முன்பே தோன்றவில்லை? "துரையின் டப்பா இனி உங்க பொறுப்பு" என்றேன்.

மறுநாள் முதல் அவர் நோட்டின் இடப்பக்கம் தம் சர்க்கரை. வலப்பக்கம் துரையின் உணவு, எடை, மூச்சு. ஐந்து வேளையும் அவர் கையால்தான். "பசிக்குதாடா? இரு, பதினோரு மணிக்குத் தரேன்" என்று அவனோடு பேசிக்கொண்டே தலையைச் சீவிவிடுவார். ஊட்டும் நேரம் போய், சீவும் நேரம் வந்தது. துரைக்கு வேண்டியதில் பாதி அதுதான் போலும்.

கவனிக்க வேண்டிய அறிகுறிகள்

எல்லாப் பசியையும் மருந்தின் மேல் போட்டுவிடக் கூடாது. கீழ்க்கண்டவற்றில் எதைக் கண்டாலும் தாமதிக்காமல் மருத்துவரிடம் செல்லுங்கள்.

தண்ணீர்க் கிண்ணம் வழக்கத்தைவிட மிக விரைவில் காலியாவது. மணல் தட்டில் சிறுநீர்க் கட்டிகள் பெரிதாவது, எண்ணிக்கை கூடுவது. மருந்தாலும் வரலாம், சர்க்கரை நோயாலும் வரலாம். இரத்தமும் சிறுநீரும் சோதித்தால்தான் தெரியும்.

நிறையத் தின்றும் எடை குறைவது. சர்க்கரை நோய், வயதான பூனைகளில் தைராய்டு மிகைச் சுரப்பு, குடற்புழு எல்லாமே இப்படிக் காட்டும்.

பின்னங்காலின் குதிகால் தரையில் படும்படி தாழ்ந்து நடப்பது. சர்க்கரையால் நரம்பு பாதிக்கப்பட்டதன் அடையாளம்.

கரிய நிற மலம், தொடர் வாந்தி. ஒரு நாள் முழுதும் உணவைத் தொடாமல் இருப்பது.

வாயைத் திறந்து மூச்சு விடுவது. அதற்கு நாளை என்ற பேச்சே கிடையாது.

நம் வீட்டு மருந்துப் பெட்டியிலிருந்து எதையும் பூனைக்குக் கொடுக்கவே கூடாது. காய்ச்சலுக்கு நாம் போடும் பாராசிட்டமால் ஒரே மாத்திரை பூனையைக் கொன்றுவிடும்.

மருத்துவரிடம் கேட்க வேண்டியவை

ஸ்டீராய்டு என்றதும் பயப்படவும் வேண்டாம். கேள்வி கேட்காமல் வாங்கி வரவும் வேண்டாம். இவற்றைக் கேளுங்கள். எத்தனை நாள்? எப்போது, எப்படிக் குறைப்பது? ஒரு வேளை மறந்துவிட்டால் என்ன செய்வது? சர்க்கரையை எப்போது சோதிப்பது? இதற்கு மாற்று உண்டா?

சில இடங்களில் பல வாரம் நீடிக்கும் ஸ்டீராய்டு ஊசி போடுவார்கள். மாத்திரை விழுங்க வைக்கவே முடியாத பூனைக்கு அது தேவைப்படலாம். ஆனால் போட்ட ஊசியைத் திரும்ப எடுக்க முடியாது. பசியோ சர்க்கரையோ ஏறினால் குறைக்க வழியில்லை. பிரெட்னிசோன் என்று பெயர் ஒத்த இன்னொரு மருந்தும் உண்டு. பூனையின் உடல் அதைப் பிரெட்னிசலோனாகச் சரிவர மாற்றிக்கொள்வதில்லை. கடையில் பெயரை எழுத்து எழுத்தாகப் பார்த்து வாங்குங்கள். வலிப்புக்குக் கொடுக்கும் ஃபீனோபார்பிட்டாலும் பசியைக் கூட்டும்; அங்கும் மேற்சொன்ன தட்டு முறைகள் உதவும், மருந்தைத் தானாக நிறுத்தக்கூடாது என்ற விதியும் அப்படியே பொருந்தும்.

மாற்று உண்டா என்று நான் கேட்டதற்குக் கிடைத்த பதில், மூச்சில் இழுக்கும் மருந்து. ஃப்ளூடிகாசோன் என்ற ஸ்டீராய்டை, முகமூடி பொருத்திய ஒரு குழாய் வழியே கொடுப்பது. மருந்து நேரே மூச்சுக் குழாய்க்குப் போவதால் உடல் முழுதும் பரவுவது குறைவு, பசியும் குறைவு. ஆனால் முழுப் பலன் தெரிய ஒன்றிரண்டு வாரம் ஆகும். அதுவரை மாத்திரையும் தொடர வேண்டும். முகமூடிக்குத் துரையைப் பழக்க எங்களுக்குப் பன்னிரண்டு நாள் பிடித்தது. முதலில் முகமூடிக்குள் கோழித் துண்டு. பிறகு ஒரு மூச்சு. பிறகு பத்து மூச்சு. எண்ணுவது அத்தை. அதன் பின் டாக்டரம்மா சொன்னபடி மாத்திரையைப் பாதியாக்கி, ஒரு நாள் விட்டு ஒரு நாளாக்கி, மார்ச் மாத முடிவில் நிறுத்தினோம்.

புகையையும் நிறுத்தினோம். வெள்ளிக்கிழமைச் சாம்பிராணி, ஊதுபத்தி, கொசுவர்த்திச் சுருள் மூன்றும் வீட்டை விட்டுப் போயின. விளக்கு மட்டும் ஏற்றுகிறோம். "சாமிக்குப் புகை போடலேன்னா கோபமா வரும்? அவன் மூச்சு நின்னாத்தான் சாமிக்குக் கோபம்" என்று அத்தையே சொல்லிவிட்டார்.

2024 ஜூன் மாதம் துரை 4.6 கிலோவுக்கு வந்தான். சர்க்கரைச் சோதனை சரியாக இருந்தது. ஒவ்வொரு தீபாவளிக்கும் ஒரு வாரம் முன்பே ஜன்னல்களை அடைத்து, உறங்கும்போது மூச்சை எண்ணத் தொடங்கிவிடுகிறோம்.

இந்தக் கட்டுரையில் வரும் மருந்தளவும் கலோரிக் கணக்கும் எங்கள் துரைக்கு அவன் மருத்துவர் சொன்னவை. உங்கள் பூனையின் எடை வேறு, நோய் வேறு. அளவை உங்கள் மருத்துவரே சொல்ல வேண்டும். எங்கள் வீட்டிலிருந்து நீங்கள் எடுத்துச் செல்லக்கூடியது தராசு, டப்பா, நோட்டு இம்மூன்றும்தான். அவற்றோடு, மாத்திரை சாப்பிடுகிற யாராவது உங்கள் வீட்டில் இருந்தால், அது பூனையாக இருந்தாலும் மாமியாராக இருந்தாலும், "பசிக்குதா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.